வலது பக்கத்து மிச்சம்

மார்ச் 3

ஊசிக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். நாலு வருடமாக நமக்குள் போய்வந்ததெல்லாம் கம்பெனி வழியாக வரும் பாட்டுக் கோப்புகளும் பார்சல்களும்தான். அதனால் கையெழுத்து மறந்திருக்கலாம். உன் அழைப்பு வராதபடி எண்ணைப் போனில் அடைத்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். பேச ஆரம்பித்தால் நீ பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தை வைத்துவிட்டுப் போக முடியாது.

பாடகியின் புதுத் தொகுப்பு வெளியாகி மூன்று வாரம். கடைசிக் கட்ட வேலையான மாஸ்டரிங்கைச் செய்தது நான். அந்தக் கோப்பு அப்படியே இணையத்தில் ஏறியது. அதே கோப்பை கம்பெனி உனக்கும் அனுப்பியது. நீ இசைத்தட்டு வெட்டினாய். பாட்டு ஒன்று, கோப்பு ஒன்று. அப்படியிருக்க, 'தராசு' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதுகிறானே அந்த விமர்சகன், அவன் எழுதியதைப் படித்திருப்பாய். படித்ததோடு விட்டிருக்க மாட்டாய், வெட்டிச் சுவரில் ஒட்டியிருப்பாய். "இணையத்தில் கேட்டால் தலைவலி, 'ச' வரும் இடமெல்லாம் பல் கூசுகிறது. தட்டில் கேட்டால் பாடகி பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். இணையப் பதிப்பைச் செய்தவருக்குக் காது இருந்ததா, கை மட்டும்தான் இருந்ததா தெரியவில்லை."

கீழே ஓர் அட்டவணை வேறு. மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடையே தட்டில் பன்னிரண்டு டெசிபல், இணையத்தில் ஆறு என்று மீட்டர் வைத்து அளந்திருக்கிறான். அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உச்சச் சத்தத்தை வெட்டும் லிமிட்டரில் மொட்டையடித்த அலையை ஊசி வழியாக ஓட்டினால், ஊசி தன் பங்குக்கு உச்சியில் கொஞ்சம் கிறுக்கும். மீட்டர் அதை உயரம் என்று எடுத்துக்கொள்ளும். மொட்டைத் தலையில் முடி முளைத்துவிட்டதாக அளவெடுத்து அச்சில் போடுகிறான் அந்த முட்டாள். காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் பார்க்கிற கூட்டம் இது.

மீட்டர் கதை போகட்டும். 'ச' எப்படி மாறியது? என் கோப்பு ஒவ்வொன்றின் மேலும் 'தொடாமல் வெட்டவும்' என்று எழுதி அனுப்புகிறேன். தொட்டாயா?

இருபதாம் தேதி கம்பெனியில் கூட்டம். பாடகியின் அடுத்த தொகுப்பை யாரிடம் கொடுப்பது என்று பேசப் போகிறார்கள். ஒன்பது தொகுப்பு நான் செய்தேன். இதுவரை இப்படி ஒரு கூட்டத்தை யாரும் போட்டதில்லை. என் இருபத்தாறு வருட வேலை, ஒரு வேலையில்லாதவனின் அட்டவணையில் தொங்குகிறது. சுருக்கமாகப் பதில் எழுது.

அண்ணன்

மார்ச் 7

இரைச்சல் அண்ணாவுக்கு,

சுவரில் ஒட்டவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

தொட்டேனா என்று கேட்கிறாய். ஐந்து டெசிபல் குறைத்தேன். அவ்வளவுதான். குறைக்காமல் எப்படி வெட்டுவது? நீ அனுப்புகிற கோப்பு முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே கத்தல். தட்டில் சத்தம் என்றால் இடம். உரக்கப் பாடினால் பள்ளம் அகலமாகும், பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் வேண்டும் என்று கம்பெனி சொல்கிறது. உன் சத்தத்தில் வெட்டினால் பதிமூன்று நிமிடத்தில் ஊசி நடுவிலிருக்கும் லேபிளில் ஏறி உட்கார்ந்துவிடும். இதெல்லாம் தெரிந்தும் 'தொடாமல் வெட்டவும்' என்று சிவப்பில் எழுதுகிறாய். யாருக்குக் கட்டளை போடுகிறாய், எனக்கா, பிளாஸ்டிக்குக்கா?

நீ ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரன் பாட்டைவிட உன் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் உன் தத்துவம். அதிலும் சிரிப்பு என்னவென்றால், இணையத்தில் பாட்டு ஏறியதும் அந்தத் தளக்காரர்களே எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறக்கிவிடுகிறார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டு நசுக்கிச் சப்பையாக்கியது, கடைசியில் மற்றவர்கள் அளவுக்கே கேட்கிறது. சப்பையானது மட்டும் மிச்சம்.

என் பக்கத்து ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தட்டின் வெதுவெதுப்பு, தட்டின் உயிர் என்று உருகுகிறார்கள். போன மாதம் ஒருவர் வந்து, "மேடம், டிஜிட்டல் தொடாத தட்டு வேணும், எனக்குக் கேட்டாலே தெரிஞ்சிடும்" என்றார். உன் கோப்பிலிருந்து வெட்டியதைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான், இதுதான்" என்றார். உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகப் போனார்.

நாலு வருடத்துக்கு முன்னால் நம் கட்டடத்தில் முன் அறை உனக்கு, பின் அறை எனக்கு. வந்த ஆளிடம் நீ சொன்னாய்: "பின்னால உக்காந்து தட்டைக் கீறிக்கிட்டிருக்கிறது என் தங்கச்சி." கதவு திறந்திருந்தது. மறுவாரம் இயந்திரத்தை லாரியில் ஏற்றினேன். இப்போது அந்தக் கீறலுக்கு நல்ல பேர் வந்ததும் விளக்கம் கேட்கிறாய். சத்தத்தைக் குறைத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

தங்கை

மார்ச் 11

ஊசிக்கு,

பொய் சொல்லவும் ஒரு தரம் வேண்டும்.

நீ வெட்டும்போது இயந்திரத்துக்குள் ஓடவிட்ட கோப்பு கம்பெனியின் அலமாரியில் ஒரு பிரதி கிடக்கிறது, மறந்துவிட்டாய் போல. மேலாளரிடம் கேட்டேன், மறுநாளே அனுப்பிவிட்டார். என்ன செய்தேன் தெரியுமா? நம் தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்வது. முதல் பாட்டை எடுத்து, என் கோப்பையும் உன் கோப்பையும் வரிசையாக வைத்தேன். உன்னுடையதை ஐந்து டெசிபல் ஏற்றிச் சமமாக்கினேன். ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நீ எதையாவது மாற்றியிருந்தால் அது மட்டும் மிஞ்சும்.

இடது பக்கம் மீட்டர் முள் அசையவில்லை. சுத்தம். வலது பக்கம் துடித்தது. ஆக, தொட்டிருக்கிறாய். சத்தத்தை மட்டும் குறைத்தேன் என்று சத்தியம் செய்யாத குறையாக எழுதினாயே.

ஆனால் அதைவிடப் பெரிய வேடிக்கை இனிமேல்தான். அந்த மிச்சத்தை ஹெட்போனில் கேட்டேன். ஒன்றுமே இல்லை. முள் துடிக்கிறது, காதில் சத்தமே இல்லை. திரும்பத் திரும்ப, பாட்டு முழுக்க, மூன்று நிமிடம் நாற்பது நொடி. வெறும் அமைதி. மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் ஏதோ சில்மிஷம் செய்து வைத்திருக்கிறாய். நாய்க்குக் கேட்கலாம், வௌவாலுக்குக் கேட்கலாம். எந்த உயரத்தில் என்று திரையில் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. கேட்காததை எதற்குப் பார்க்க வேண்டும்? நான் காதால் வேலை செய்கிறவன். தராசு மாதிரி கண்ணால் இல்லை.

நீ எழுதுவாய், ஸ்பீக்கரை விட்டு எதற்கு ஹெட்போன் என்று. ஊரே ஹெட்போனில்தான் கேட்கிறது. ஒன்றரை வருடமாக நான் மாஸ்டரிங் செய்வதும் அதில்தான். ஸ்பீக்கர் அறையில் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி கேட்கிறது, சுவர் சரியில்லை.

இருபதாம் தேதி என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், உனக்கும் நியாயமாக இருக்கட்டும். அந்த மிச்சத்தைக் கையோடு கொண்டுபோகிறேன். பாடகி, மேலாளர், கம்பெனி ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். அவர்களுடைய பெரிய ஸ்பீக்கரில் நல்ல சத்தமாகப் போடப் போகிறேன். தட்டுக்கும் இணையத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், கேளுங்கள் என்று சொல்லி, எல்லோரையும் வெறும் அமைதியைக் கேட்க வைக்கப் போகிறேன். தட்டின் உயிர், தட்டின் வெதுவெதுப்பு எல்லாம் அதோடு சரி.

அண்ணன்

மார்ச் 13

அண்ணா,

கூட்டத்தில் அதைப் போடாதே. நான் தொட்டது உண்மைதான். பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். மேலாளருக்கு நானே எழுதித் தருகிறேன், தட்டு வெட்டியவள் சொல்லாமல் கோப்பை மாற்றினாள் என்று. உனக்கு வேண்டியது அதுதானே. அந்த மிச்சத்தை மட்டும் யார் முன்னாலும் ஓட்டாதே.

தங்கை

மார்ச் 15

ஊசிக்கு,

பயந்துவிட்டாய். இதுவரை நீ எழுதியவற்றிலேயே மரியாதையான கடிதம் இதுதான். கிண்டல் இல்லை, பெயர் வைக்கவில்லை, 'அண்ணா' என்று வெறுமனே ஆரம்பித்திருக்கிறாய். உன் அண்ணி படித்துவிட்டு, "பாவம்ங்க, அவளா இப்படி எழுதுறா, என்னமோ இருக்கு" என்றாள். என்னமோ எல்லாம் இல்லை. குட்டு உடையப் போகிறது, அவ்வளவுதான்.

நீ எழுதித் தருவது எனக்கு எதற்கு? காகிதத்தை யார் நம்புவார்கள்? தங்கை அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தாள் என்று உனக்குத்தான் நல்ல பேர் வரும். காதால் கேட்கட்டும். இத்தனை நாள் காது காது என்று பீற்றிக்கொண்ட கூட்டம், ஒன்றுமில்லாததைக் கேட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும்.

இனி நீ கடிதம் போட்டால் இருபதாம் தேதிக்குப் பிறகுதான் பிரிப்பேன். கெஞ்சல் படித்து மனசு இளகுகிற வயசு எனக்குப் போய்விட்டது.

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

உறையின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன், கூட்டத்துக்கு முன்னால் பிரி என்று. பிரித்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு காரியம் செய். அந்த மிச்சத்தை ஓடவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, இடது வலது மாற்றி மாட்டிக்கொள். உனக்குக் கேட்கும். அது அமைதி இல்லை. பாடகியின் 'ச'. பாட்டில் வருகிற ஒவ்வொரு 'ச'வும், ஒவ்வொரு மூச்சும்.

வௌவாலுக்குக் கேட்கிற உயரத்தில் நான் எதுவும் செய்யவில்லை. பாடுகிற குரலில் கூர்மை இருக்கிற இடத்தில்தான் குறைத்தேன், வலது பக்கம் மட்டும். நீதான் அங்கே ஏற்றி அனுப்புகிறாய். முதலில் இரண்டு டெசிபல், அடுத்த தொகுப்பில் நாலு, இதில் ஆறு. வேண்டுமென்றே செய்யவில்லை. உன் வலது காதுக்கு அந்த இடம் கேட்கவில்லை, கேட்கிற வரைக்கும் ஏற்றுகிறாய். ஸ்பீக்கர் அறையில் எல்லாம் சாய்ந்து கேட்கிறது என்று எழுதினாயே, சுவரில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சுவரைக் கட்டும்போது நானும் இருந்தேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ அனுப்புவதை நான் கேட்பது மட்டுமில்லை, என் இயந்திரமும் கேட்கிறது. 'ச' கூர்மையாக வந்தால் வெட்டும் தலையின் கம்பிச்சுருள் சூடேறும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் உன் கோப்பில் ஒரு 'ச' வந்தபோது வலது பக்கத்து ஃபியூஸ் எரிந்தது. இடது பக்கம் சில்லென்று இருந்தது. மாற்றிப் போட்டேன், மறுபடி எரிந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து மூன்று தட்டு, ஒவ்வொன்றிலும் வலது பக்கத்தைச் சரிசெய்துதான் வெட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மேலாளருக்குப் போன் செய்து தடுக்கலாம். காரணம் கேட்பார். சொன்னால் உன் தொழில் அன்றோடு போச்சு. அண்ணியிடம் சொல்லலாம், ஆனால் வீட்டில் உன் தலை குனியும், அது எனக்கு வேண்டாம். அதனால் உனக்கே எழுதுகிறேன். டாக்டரிடம் போ. சிலருக்கு மருந்திலேயே திரும்புமாம். கூட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. எப்படித் தப்பித்தாலும் சரி, அதை மட்டும் போடாதே.

உன் தங்கை

மார்ச் 21

தங்கச்சிக்கு,

கடிதம் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. உறையில் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டேன்.

கூட்டத்தில் எட்டுப் பேர். நான் எழுந்து நின்றேன். "இப்போ கேளுங்க. நான் ஹெட்போன்லயே கேட்டுப் பார்த்துட்டேன், ஒண்ணும் கேக்காது. அந்த ஒண்ணுமில்லாததுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று சொன்னேன். ரொம்பத் தெம்பாகச் சொன்னேன். மேலாளர் சத்தத்தை ஏற்றினார். வலது ஸ்பீக்கரிலிருந்து ஸ், ஸ், ஸ் என்று வந்தது. திறந்த அறையில் இடது காதுக்கும் எட்டுமே, எனக்கே கேட்டது. ஹெட்போனில் இல்லாதது இங்கே எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. இவர்கள் ஒயரில் ஏதோ கோளாறு என்று நினைத்து, குனிந்து, ஒயரைக் கழற்றி, இடது வலது மாற்றிச் செருகினேன். சத்தம் இடது பக்கம் போனது. எட்டுப் பேரும் நான் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாடகிதான் முதலில் பேசினாள். "அது என் குரல்தானேண்ணே?" என்றாள். யாரோ சிரித்தார்கள். மேலாளர் நிறுத்திவிட்டு, "சார், இது உங்களுக்கு ஹெட்போன்ல கேக்கலையா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். அதற்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம்.

அடுத்த தொகுப்பு உனக்கு. உனக்கே எழுதியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். நீ சொன்னபடி ஹெட்போனை மாற்றி மாட்டினேன். முழுதும் கேட்டேன். நாற்பத்தொரு இடம். ஒன்றுகூடத் தப்பவில்லை, ஓர் இடத்தில்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. நானாக இருந்தால் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டேன். இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். இன்று காலை டாக்டரைப் பார்த்தேன். நரம்பு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இனி திரும்பாது என்றார்.

நீ என்னை மூன்று தட்டு நேரம் ஊர் முழுக்கப் பித்துக்குளியாக நடக்கவிட்டாய். நான் உன்னை இளக்காரமாகப் பேசியதெல்லாம் வாயால், உன் முகத்துக்கு நேரே, நாலு பேர் கேட்க. நீ வாயே திறக்கவில்லை. அண்ணி சொல்கிறாள், "அவ உங்களைக் காப்பாத்தத்தான் பார்த்திருக்கா" என்று. அவளுக்கு உன்னைத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் எழுது. பரிதாபப்பட்டு மறைத்தாயா, அல்லது வேறு ஏதாவதா?

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

கம்பெனிக்கு இன்று காலை சரி என்று சொல்லிவிட்டேன். மறுக்கலாமா என்று யோசித்தேன். மறுத்தால் அது உன்னைக் கேட்காமல் உனக்காக நான் செய்கிற இன்னொரு திருத்தமாக இருக்கும். போதும்.

நீ கேட்டதற்குப் பதில். முதல் தட்டில் பரிதாபம்தான். அன்று மதியம் சாப்பிடக்கூட முடியவில்லை, உன் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அடைத்து வைத்திருந்தாய். அன்றைக்கு எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டாவது தட்டில் பரிதாபம் பாதியாகிவிட்டது. மூன்றாவதில் ஒன்றும் மிச்சமில்லை. உன் கோப்பு வந்ததும் வலது பக்கத்து முள் எங்கே குதிக்கிறது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்து கீறுகிறவள் இல்லாமல் உன் வேலை ஒப்பேறாது, அது உனக்கே தெரியாது. அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? தராசு உன் காதைப் பற்றி எழுதிய அந்த வரியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தவள் நான். அது உண்மை என்று தெரிந்தே வைத்தேன்.

அண்ணி சொல்கிற மாதிரி காப்பாற்றவும் பார்த்தேன்தான். பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தை பயந்துபோய்த்தான் எழுதினேன், அது பொய் இல்லை. அதற்கு நீ எழுதிய பதில்தான் என்னை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தது.

நான் இருக்கிற இடத்திலிருந்து உன் வீட்டுக்கு பஸ்ஸில் ஆறு மணி நேரம். பதினாறாம் தேதி ஏறியிருந்தால் மாலைக்குள் உன் கதவைத் தட்டியிருப்பேன். அண்ணிக்கு ஒரு போன் போட்டு, "ஹெட்போனை மாத்தி மாட்டச் சொல்லுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தால் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். உன் தலை குனியும் என்று எழுதினேனே, அது காகிதத்துக்காக எழுதியது. இனி என் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன் என்று நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

தங்கை